ஒன்பதாவது சீட்டு

பதினெட்டு ஆண்டுகளாக நிகழ்தகவு கற்பித்து வருகிறேன். நாணயமும் பகடையும் சீட்டுக்கட்டும் இல்லாமல் அந்தப் பாடம் நகராது. ஆகவே சூதாட்டத்தின் தளவாடங்கள் அத்தனையும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. பந்தயம் என்று ஒன்றை மட்டும் வாழ்நாளில் கட்டியதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தது என்று சொல்வதே இப்போது சரி.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கல்லூரிக் கால நண்பன் ஒருவன் என் முன்னால் வந்து உட்கார்ந்தான். கைபேசியில் விளையாட்டுப் பந்தயம் கட்டிச் சேமிப்பை இழந்து, கடன் வாங்கி அதையும் இழந்து, விஷயம் மனைவிக்குத் தெரிந்துபோன மறுநாள் அது. ஆறுதல் தேடி வந்தவனிடம் நான் கேட்டது: "உனக்குக் கணக்கே தெரியாதா?" அவன் பதில் சொல்லவில்லை. நான் ஒரு தாளை எடுத்தேன். பந்தயம் நடத்துகிறவனுக்கு ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு போய்ச் சேர்கிறது, நூறு சுற்று முடியும்போது கட்டுகிறவன் கையில் என்ன மிஞ்சும் என்று வரிவரியாகப் போட்டுக் காட்டினேன். அழகான கணக்கு. அவன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனான். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்து, பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் அளவில் வந்து நின்றது.

அந்தத் தாள் சில மாதங்களாக என்னைப் பாடாய்ப்படுத்துகிறது. அதற்குக் காரணம் என் அக்கா மகள். அவள் உளவியல் முதுநிலை படிக்கிறாள். ஆய்வேட்டுக்கான சோதனையை மற்றவர்களிடம் நடத்துவதற்கு முன்னால், நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அவளுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. "மாமா, அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். நூறு சீட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான்" என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். திரையில் நான்கு கட்டுகள்: ஏ, பி, சி, டி. கையில் 2000 டாலர் கடன். பொய்ப் பணம்தான், மூலச் சோதனையில் இருந்த தொகைகளை அப்படியே வைத்திருந்தாள். எந்தக் கட்டிலிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒவ்வொரு சீட்டும் ஏதாவது தரும். சில சீட்டுகள் தந்த கையோடு பிடுங்கவும் செய்யும். சில கட்டுகள் மற்றவற்றைவிட மோசமானவை என்பதை விளக்கக் குறிப்பே சொல்லிவிடுகிறது. இவ்வளவு நேர்மையான சூதாட்டம் வேறெங்கே கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு தொடங்கினேன்.

ஏ கட்டு, சீட்டுக்கு நூறு தந்தது. ஆனால் இரண்டு சீட்டுக்கு ஒரு முறை ஏதாவது அபராதம். எட்டுச் சீட்டோடு அதைக் கைவிட்டேன். சி, டி இரண்டும் ஐம்பதுதான் தந்தன. கஞ்சக் கட்டுகள் என்று மனத்துக்குள் பெயர் வைத்தேன். எனக்குப் பிடித்துப்போனது பி. நூறு, நூறு, நூறு என்று எட்டுச் சீட்டுகள், காலணா பிடித்தம் இல்லாமல். ஒன்பதாவது சீட்டில் 1250 போனது.

வக்கீல் வந்து நின்ற நேரம்

அந்தக் கணத்தைப் பலமுறை மனத்தில் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்பது சீட்டில் வந்த தொள்ளாயிரமும் போய், மேற்கொண்டு 350 நட்டம். படித்த படிப்புக்குப் பயன் என்று ஏதாவது இருந்தால், அது அங்கே கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். கை பத்தாவது முறையும் பி-க்கே போனது. அது போய்ச் சேர்வதற்குள், அரை நொடி இருந்திருக்குமா, காரணம் ஒன்று தயாராகிவிட்டது. எவ்வளவு கச்சிதமான காரணம் என்கிறீர்கள்! மொண்டே கார்லோ சூதாட்ட விடுதியில் 1913 ஆகஸ்ட் 18 அன்று ரூலெட் சக்கரத்தில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்த கதையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்பவன் நான். 'இனிமேல் சிவப்புதான்' என்று கட்டியவர்கள் மேலும் மேலும் கட்டித் தோற்றார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது என்று முடிப்பேன், மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் சீட்டுக்கட்டு சக்கரம் மாதிரி இல்லையே! எடுத்த சீட்டு கட்டுக்குத் திரும்பப் போவதில்லை. பெரிய அபராதச் சீட்டு ஒன்று வெளியே வந்துவிட்டால் மிச்சக் கட்டு முன்பைவிடச் சுத்தமாகியிருக்க வேண்டும். எனவே பி-யை விட்டு ஓட வேண்டிய நேரம் கடந்துவிட்டது, இப்போதுதான் எடுக்க வேண்டிய நேரம். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன். அந்தக் கட்டில் அப்படிப்பட்ட சீட்டுகள் எத்தனை ஒளிந்திருக்கின்றன என்று எனக்குத் தெரியாது என்ற ஒரே ஓட்டைதான் அதில். ஐந்து சீட்டு தள்ளி, பதினான்காவதில், இன்னொரு 1250 போனது.

கணக்கு தெரிந்தால் சூதில் விழமாட்டான் என்பது என் பதினெட்டு ஆண்டு நம்பிக்கை. என் விஷயத்தில் கணக்கு செய்தது வேறு: கை முதலில் குற்றத்தைச் செய்தது, கணக்கு கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வாதாட வந்தது. வாதம் தோற்றதும் அடுத்த வாய்தாவுக்குப் புது வாதத்தோடு வந்தது. கணக்குத் தெரியாதவனுக்குச் சாதாரண வக்கீல் கிடைத்திருப்பான். எனக்குக் கிடைத்தவன் மூத்த வழக்கறிஞன், அவ்வளவுதான் வேறுபாடு. (ஒன்பதாவது சீட்டு விழுந்த அந்த நொடியில் மனத்தில் இன்னொன்றும் ஓடியது. அதை அவளிடம் சொல்லவில்லை. இங்கேயும் பிறகுதான் சொல்ல வரும்.)

முடிந்ததும் அவள் பதிவுகளைப் பார்த்தாள். "மாமா, பி மோசம் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?" ஏறத்தாழ ஐம்பதாவது சீட்டில், மூன்றாவது அடி விழுந்தபோது, என்றேன். உண்மை, அப்போது கேட்டிருந்தால் தாளில் எழுதியே கொடுத்திருப்பேன். அவள் திரையை நகர்த்திக்கொண்டே, "ஐம்பதுக்குப் பிறகு பி-யில் பதின்மூன்று சீட்டு எடுத்திருக்கிறீர்கள்" என்றாள். குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் தேவலை. மொத்தம் 34 முறை பி. வரவு 3400, நான்கு அடியில் செலவு 5000. நான்காவது அடிக்குப் பிறகும் இரண்டு எடுத்திருக்கிறேன். ஏன் திரும்பிப் போனீர்கள் என்று கேட்டாள். திரும்ப வைக்காத தேர்வு, நிபந்தனை நிகழ்தகவு என்று கால்மணி நேரம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் குறித்துக்கொண்டாள். பேசப் பேச, அந்த விளக்கத்தின் பெரும்பகுதி அந்த நாற்காலியில் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது என்பது எனக்கே தெரிந்தது.

உடம்புக்குத் தெரியும் என்பார்கள்

அன்றிரவே அந்தச் சோதனையைப் பற்றித் தேடிப் படித்தேன். 1994-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆன்டோயின் பெஷாரா, அன்டோனியோ டமாசியோ குழுவினர் உருவாக்கியது. நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்குச் சற்று மேலே உள்ள மூளைப் பகுதியில் காயம்பட்ட சிலர் அவர்களுக்குப் பெரும் புதிராக இருந்தார்கள். அறிவுச் சோதனைகளில் குறையே இல்லை. பேச்சு, நினைவாற்றல் எல்லாம் சரி. வாழ்க்கையில் எடுக்கும் முடிவுகள் மட்டும் ஒன்றுவிடாமல் பாழ். அந்தப் பாழை ஒரு மேசைமேல் அளந்து பார்க்கத்தான் நான்கு கட்டுகள். ஏ, பி இரண்டிலும் பத்துச் சீட்டுக்கு 1000 வரும், 1250 போகும். சி, டி-யில் 500 வரும், 250 போகும். கஞ்சக் கட்டுகள்தான் காப்பாற்றும் கட்டுகள். காயம் இல்லாதவர்கள் மெல்ல மெல்ல அவற்றின் பக்கம் சாய்ந்தார்கள். காயம்பட்டவர்கள் கடைசிவரை ஏ, பி என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1997-இல் வந்த அடுத்த ஆய்வுதான் பெரும்புகழ் பெற்றது. விளையாடுகிறவர்களின் தோலில் வியர்வையால் ஏற்படும் மின்கடத்தல் மாற்றத்தை அளந்தபோது, எந்தக் கட்டு மோசம் என்று வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்பே, மோசமான கட்டை நோக்கிக் கை போகும் நேரத்தில் உடம்பு எச்சரிக்கை காட்டியது. காயம்பட்டவர்களிடம் அந்த எச்சரிக்கை இல்லை. அவர்களில் சிலர் இன்ன கட்டு மோசம் என்று பிற்பாடு வாயால் சரியாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு அதையே எடுத்தார்கள். அந்த வரியைப் படித்தபோது கொஞ்சம் குளிர்ந்தது எனக்கு. என் மண்டையில் காயம் எதுவும் இல்லை.

'உள்ளுணர்வை நம்பு, உடம்புக்கு எல்லாம் தெரியும்' என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் இந்த ஆய்வைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, என் பி கட்டுக்கு முன்பும் ஒப்பியதில்லை, இப்போது அறவே இல்லை. 2004-இல் மையா, மெக்லெலாண்ட் என்ற இருவர் அதே சோதனையை நடத்தி, இடையிடையே இன்னும் நுணுக்கமாகக் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். எது நல்ல கட்டு என்று ஆட்களுக்கு வெகு முன்னதாகவே தெரிந்திருந்தது. உடம்பின் ரகசிய ஞானம் தேவைப்பட்ட இடம் அவ்வளவு பெரிதாக இல்லை. எனக்கு அதைவிட ஆறுதல் தந்தது 2007-இல் தைவான் ஆய்வாளர்கள் எழுப்பிய கேள்வி: மூளையில் ஒரு குறையும் இல்லாதவர்கள்கூட ஏ-யை விட்டு விலகுவதுபோல பி-யை விட்டு விலகுவதில்லையே, ஏன்? ஏ-யில் பத்துக்கு ஐந்து முறை சின்னச் சின்ன அடி. பி-யில் பத்துக்கு ஒரு முறை ஒரே அடி, மொத்தத் தொகை அதேதான். எத்தனை முறை வலித்தது என்பதை நாம் எண்ணுகிறோம். எவ்வளவு வலித்தது என்பதை எடைபோடுவதில் அந்த அளவுக்குத் திறமை போதவில்லை. ஒன்பது முறை இனித்துப் பத்தாவது முறை வெட்டுகிற ஒன்றை நல்லது என்றே பதிந்துகொள்கிறோம். இதைப் படித்த பிறகு, சீட்டாட்டத்துக்கு வெளியே எனக்குப் பழக்கமான எத்தனையோ பி கட்டுகள் நினைவுக்கு வந்தன. சில மனிதர்களும்தான்.

உடம்பு எச்சரிப்பது எப்போதும் நன்மைக்குத்தான் என்றும் இல்லை. 2005-இல் பாபா ஷிவ், பெஷாரா உள்ளிட்டோர் ஒரு விளையாட்டு வைத்தார்கள். இருபது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டாலரைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம், அல்லது நாணயம் சுண்டலாம். தோற்றால் அந்த டாலர் போகும், வென்றால் இரண்டரை டாலர். சராசரி ஒன்றேகால் டாலர் வரும் பந்தயம், எல்லாச் சுற்றிலும் சுண்டுவதே புத்திசாலித்தனம். சாதாரண மனிதர்கள் ஒரு முறை தோற்றதும் அஞ்சிப் பின்வாங்கினார்கள். உணர்ச்சியோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளில் காயம்பட்டவர்கள் அஞ்சாமல் தொடர்ந்து சுண்டி, அதிகப் பணத்தோடு எழுந்து போனார்கள். ஒரு மேசையில் ஆசானாக இருந்த அதே பயம் அடுத்த மேசையில் காலை வாரிவிடுகிறது. எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பயத்துக்குத் தெரியாது.

மயிரிழை

ஆனால் நூறு சீட்டும் பொய்ப் பணமும் எங்கே, என் நண்பன் இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரியாமல் கட்டிக்கொண்டிருந்த பந்தயங்கள் எங்கே. இரண்டையும் ஒன்று என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. அவனைப் புரிந்துகொள்ள வேறு சில ஆய்வுகள் உதவின.

டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் குரங்குகளிடம் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் பல ஆண்டுகள் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்த அணுக்கள் துடிக்கின்றன. முன்னறிவிப்பு விளக்கு எரிந்து, அதன்பின் தவறாமல் சாறு வரும் என்றால், கொஞ்ச நாளில் துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிடுகிறது. சாறு வரும்போது ஒன்றும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது. 1997-இல் டயான், மாண்டேகு என்ற இருவருடன் சேர்ந்து இதற்கு அவர் கொடுத்த விளக்கம், எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே அந்த அணுக்கள் அறிவிக்கின்றன என்பது. கிடைத்துப் பழகியது சப்பென்று ஆகிவிடும். பி கட்டில் எனக்கு முதல் நூறு இனித்தது. எட்டாவது நூறு வந்ததைக் கவனித்தேனா என்றுகூட நினைவில்லை. அப்போது என்னைப் பிடித்து வைத்திருந்தது அந்த நூறு அல்ல. வேறு எதற்கோ காத்திருந்தேன்.

பார்க்கின்சன் நோய்க்காக டோபமைன் போலச் செயல்படும் மாத்திரைகளை எடுத்துக்கொண்ட சிலர், வாழ்நாளில் சூதாடாதவர்கள்கூட, திடீரென்று சூதாடத் தொடங்கினார்கள். 2005-இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் அப்படி 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மாத்திரையைக் குறைத்ததும் அல்லது நிறுத்தியதும் பலருக்கு அந்த வெறி வந்த வழியே போய்விட்டது. ஒழுக்கம், வளர்ப்பு, மன உறுதி என்று நாம் அடுக்கும் சொற்களை ஒரு மாத்திரைப் பட்டை இப்படிக் கேலி செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சூதாட்ட நோயைக் குடி, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சேர்த்தது 2013-இல்தான். அதற்கு முன்பு அது வேறு வகையில், தூண்டுதலை அடக்க முடியாத கோளாறுகளோடு இருந்தது.

இன்னொன்று, மயிரிழையில் தவறுவது. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் 2009-இல், இரண்டே சக்கரம் கொண்ட ஸ்லாட் இயந்திர விளையாட்டை ஆடுகிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். சக்கரம் வெற்றிக் கோட்டுக்கு ஒரு படி முன்னாலோ பின்னாலோ நின்றுவிட்டால், அது முழுத் தோல்விதான். ஒரு காசு கிடையாது. ஆட்கள் அதை மற்றத் தோல்விகளைவிடக் கசப்பானது என்றே சொன்னார்கள். ஆனால் சின்னத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்திருந்த ஆட்டங்களில், அந்தக் கசப்புக்குப் பிறகு மேலும் ஆட வேண்டும் என்ற ஆசை கூடியது. வெற்றிக்குத் துடிக்கும் மூளைப் பகுதிகளில் சில அந்தத் தோல்விக்கும் துடித்தன. இழக்க இழக்கக் காதல் கூடுகிறது. 'கடைசி நிமிடத்தில் போய்விட்டது' என்று நண்பன் சொல்லும்போதெல்லாம் அவன் முகத்தில் ஒரு மினுக்கம் வரும். நான் அதை வெட்கமின்மை என்று எடுத்துக்கொண்டேன்.

'விட்டதைப் பிடிக்க வேண்டும்' என்பான். எவ்வளவு விஷமமான வினைச்சொல்! விட்டது இன்னும் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, நாலு எட்டு வைத்தால் வால் கைக்கு எட்டும் என்று அதற்குள் ஒரு சித்திரம் இருக்கிறது. 1979-இல் கானெமன், டிவெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் ஆட்களிடம் கேட்டார்கள்: 3000 நிச்சயமாகக் கிடைக்குமா, 80 விழுக்காடு வாய்ப்பில் 4000 கிடைக்குமா, எது வேண்டும்? 80 விழுக்காட்டினர் நிச்சயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு அதையே இழப்பாகத் திருப்பிப் போட்டார்கள்: 3000 நிச்சயமாகப் போகுமா, 80 விழுக்காடு வாய்ப்பில் 4000 போகுமா? இப்போது 92 விழுக்காட்டினர் பந்தயத்துக்குப் போனார்கள். அதே மனிதர்கள், அதே தொகைகள். இந்த அட்டவணையை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் அன்று நண்பனுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு பூச்சியத்தில் தொடங்கியது. தரைமட்டத்தில் நிற்பவனுக்கான கணக்கு அது. அவன் வந்து உட்கார்ந்தபோது குழிக்குள் நின்றுகொண்டிருந்தான். அங்கிருந்து பார்த்தால் அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு எண்ணும் வேறாகத் தெரிந்திருக்கும்.

போன மாதம் அவனை அழைத்தேன். நலம் விசாரித்து முடித்ததும், சுற்றி வளைக்காமல் பி கட்டின் கதையைச் சொன்னேன். முப்பத்துநான்கு முறை என்றதும் சிரித்தான். நீண்ட நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. கட்டுவதை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றான். கைபேசியை மாற்றி, வங்கிக் கணக்கை மனைவி பெயருக்கு மாற்றி, வாரம் ஒரு நாள் ஆலோசகரிடம் போய், ஒரு முறை வழுக்கி விழுந்து, மறுபடி எழுந்து. இதையெல்லாம் ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.

"நீ போட்டுக் கொடுத்த தாள் இன்னும் இருக்கிறது" என்றான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"பின்பக்கத்தில் அன்றிரவு கட்டியதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். வேறு தாள் கைக்கு அகப்படவில்லை." கொஞ்சம் பொறுத்து, "உன் கணக்கு சரியாகத்தான் இருந்தது" என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டானா என்று தெரியவில்லை. அவன் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். "அந்த ஒன்பதாவது சீட்டு விழுந்ததே, அப்போது உனக்கு என்ன தோன்றியது?"

"அதிர்ச்சி. பிறகுதான் இந்தக் கணக்கெல்லாம்."

"இரண்டுக்கும் நடுவில்?"

நான் பேசாமல் இருந்தேன். அக்கா மகளிடம் கால்மணி நேரம் பேசியும் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

"அப்பாடா என்று இருந்ததா?" என்றான்.

இருந்தது என்றேன்.